மேலணை பஸ் வந்தாச்சா?

2043ஆம் வருஷம், ஜூன் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. உலகத்தில் நானூற்றுப் பதினேழு பல்கலைக்கழகங்களின் கதவு மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது.

கதவு என்றதும் தேக்குப் பலகை, தாழ்ப்பாள் என்று நினைத்துவிட வேண்டாம். 'கதவு' ஒரு மென்பொருள். விண்ணப்பம், வகுப்பு, கட்டுரை, பரீட்சை, ரிசல்ட், பட்டம் என்று ஒரு மாணவரின் கல்லூரி வாழ்க்கை மொத்தமும் அந்த இணையதளம் வழியாகத்தான் உள்ளே போய் வெளியே வரும். கடைசித் தேதியன்று கடைசி மணிக்குத் தன்னைத்தானே பூட்டிக்கொள்வதும் அதன் வேலைதான். விலை கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். ஒன்பதாயிரம் கல்லூரிகள் அதை நம்பிப் பிழைத்தன; அன்றைக்குக் கடைசித் தேதி வைத்திருந்தவை அந்த நானூற்றுப் பதினேழு. தெருக் குழாய்க்கு ஊரே சொந்தக்காரர்கள், வாஷர் மாற்றத்தான் ஆள் இருக்காது. அதுபோல இதையும் யாரும் முழுசாகப் படித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் வெளிச்சமானது.

ஜப்பானில் ஒரு பேராசிரியர் இரவு பத்தேகாலுக்கும் மேஜையை விட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். கதவு மூடினால்தான் கட்டுரைகள் அவர் கைக்கு வரும். பின்லாந்தில் ஏழாயிரம் பேர், இடம் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கதவு மூடினால்தான் பட்டியல் வரும். எங்கே கோளாறு என்று பெரிய பெரிய மூளைகள் எல்லாம் தேடின.

காரணம் தெரிந்த ஒரே ஆள், தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில், முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

உலகம்மாள், மருதம்பேரி அரசு கலைக் கல்லூரியில் பி செக்‌ஷன் கண்காணிப்பாளர். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு முழங்காலிலும் வலி. தலைமேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு மேஜை முழுக்கத் தேடுகிறவள். அன்று சேர்க்கைக்குக் கடைசி நாள், ஐந்து மணியோடு கெடு முடிந்தது. மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது, அவளுடைய திரையிலும் கதவு திறந்தேதான் கிடந்தது. அதில் அவளுக்கு ஓர் ஆச்சரியமும் இல்லை. மேலணை பஸ் இன்னும் வரவில்லை, பிறகு எப்படி மூடும்?

அந்த பஸ்ஸில் வள்ளிக்கொடி என்ற பெண் வரவேண்டியிருந்தது. மேலணைக் குடியிருப்பிலிருந்து எம்.எஸ்ஸி விலங்கியலுக்கு வருகிற முதல் ஆள். காட்டுக்குள் செல்போன் கோபுரம் கூடாது என்பது சட்டம், ஆகவே அங்கே சிக்னல் கிடையாது. கல்லூரிக்கு நேரில் வந்து கேமரா முன்னால் முகத்தைக் காட்டினால்தான் விண்ணப்பம் ஏறும். 'சாயங்கால பஸ்ஸுல வாரேன்க்கா, அடச்சிராதீங்க' என்று காலையில் வனத்துறைச் செக்போஸ்ட் போனிலிருந்து சொல்லியிருந்தாள்.

முறுக்குப் பொட்டலம் பாதி காலியானபோது முதல்வர் வசுமதி உள்ளே ஓடி வந்தார். முதல்வர்கள் ஓடுவது வழக்கமில்லை. இவர் சென்னையிலிருந்து ஜனவரியில்தான் மாற்றலாகி வந்தவர், ஊர்ப் பழக்கம் இன்னும் பிடிபடவில்லை.

"உலகம்மா! பின்லாந்துல இருந்து போன் வந்திருக்கு. ஏதோ நம்ம கம்ப்யூட்டராலதான் ஜப்பான்ல வாத்தியார் கைக்குக் கட்டுரை வரலையாம், உலகமே நிக்குதுன்னு சொல்றாங்க. நீங்க என்ன பண்ணீங்க?"

"முறுக்கு தின்னுட்டிருக்கேன் மேடம். எடுத்துக்கிடுதியளா?"

முதல்வர் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பின்னாலேயே மடிக்கணினியோடு தேவசகாயம் வந்தார். கணினித் துறையின் கௌரவ விரிவுரையாளர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எட்டு மாணவர்களை வைத்துக்கொண்டு 'கதவை' எழுதியவர் இவர்தான். அது அறுபத்தொரு நாட்டுக்குப் போய்விட்டது. இவர் இன்னும் கௌரவ விரிவுரையாளராகவே இருந்தார். ஒவ்வொரு ஜூலையிலும் அவருடைய வேலையைப் புதுப்பிக்கும் கோப்பை உலகம்மாள்தான் தட்டிக்கொட்டி நகர்த்துவாள்.

அவர் கணினியை மேஜைமேல் வைத்தார். திரையில் சாம்பல் நிறக் கண்களோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் வாயசைத்ததும் மொழிபெயர்ப்புக் கருவி பேசியது. அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் ஏதோ பட்டிமன்ற நடுவராக இருக்க வேண்டும்.

"வணக்கம் அம்மையீர். எனது பெயர் ஐனோ. 'கதவு' பராமரிப்புக் குழுவின் தலைவி. நானூற்றுப் பதினேழு பல்கலைக்கழகங்கள் தங்கள் கல்லூரிக் கணினியிடம் ஒரே வினாவை ஓயாது வினவுகின்றன. 'மாடத்தி?' என்பதே அவ்வினா. தங்கள் கணினி 'இல்லை' என்று விடையிறுத்த வண்ணம் உள்ளது. மாடத்தி என்பது யாது?"

உலகம்மாள் தேவசகாயத்தைப் பார்த்தாள். தேவசகாயம் மின்விசிறியைப் பார்த்தார்.

"சார், அந்த வரிய எடுக்காமலா ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுத்திய?"

"மறந்துட்டேன்க்கா. நம்ம காலேஜ் வெசயத்த தனியா எழுதி வச்சிருக்கணும். எல்லாத்துக்கும் பொதுவான எடத்துல எழுதிப்புட்டேன். ஒலகம் பூரா வாங்கிட்டுப் போவாம்னு யாரு கண்டா? நம்ம பக்கத்து ஊர் காலேஜே வாங்க மாட்டேன்னுச்சு!"

முதல்வர் பொறுமை இழந்தார். "எந்த வரி? யாராவது எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்."

தேவசகாயம் சொன்னார். மற்றவர்கள் கேட்டார்கள்.

"நம்ம ஆபீஸ்ல கடைசி தேதின்னா அஞ்சு மணின்னு போட்டிருப்பாவ மேடம். ஆனா மேலணை பஸ் அஞ்சு நாப்பதுக்குத்தாம் வரும். அது வாரதுவரைக்கும் பி செக்‌ஷன் சன்னல அக்கா அடைக்க மாட்டாவ. இந்த மென்பொருள் எழுதும்போது, ஆபீஸ்ல எப்படி நடக்கோ அப்படியே எழுதணும்னு ஒக்காந்து கேட்டேன். அக்கா, 'பஸ் வராம கதவ அடைக்கக் கூடாது'ன்னு சொன்னாவ. பஸ்ஸுல இருக்க கருவி ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சதும் தகவல் அனுப்பும். அது வந்தாத்தாம் கதவு பூட்டும்னு எழுதிட்டேன். அந்த வரிக்குப் பேரு மாடத்தி. அக்கா வச்ச பேரு."

"அப்போ ஜப்பான்காரன் கட்டுரை வாங்கறதுக்கும்..."

"நம்ம மேலணை பஸ் வரணும்."

முதல்வர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

திரையில் ஐனோ கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்போது விளங்குகிறது. ஜப்பானில் ஐந்து மணிக்கு மூடவேண்டிய கதவு, நாள்தோறும் ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கே மூடுகிறது. அந்தக் கூடுதல் பொழுதுக்கு அங்குள்ள மாணவர்கள் 'மாடத்தி' என்றே பெயரிட்டுள்ளனர். 'மாடத்தியில் கொடுத்துவிடலாம்' என்பது அவர்தம் வழக்கு. நாங்களோ அதை ஓர் அரிய கணிதக் கோட்பாடு என்று கருதினோம். அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரையும் ஒன்று உண்டு."

"அங்க ஒம்பது பத்துன்னா இங்க அஞ்சு நாப்பது. கணக்கு சரியாத்தாம் இருக்கு" என்று தேவசகாயம் முணுமுணுத்தார். பின்லாந்தில் கதவு மூடவேண்டியது நாலு மணிக்கு, அப்போது இங்கே ஆறரை, அதற்குள் பஸ் எப்போதும் வந்திருக்கும். அதனால்தான் அங்கே யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. இன்றைக்குத்தான் பஸ் ஆறரையைத் தாண்டியும் வரவில்லை.

"பஸ் எங்கே?" என்று முதல்வர் கேட்டார்.

உலகம்மாள் செக்போஸ்டுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். காவலர் சாவகாசமாக எடுத்தார்.

"ஆறாவது வளைவுல ஆன நிக்கி மேடம். கூட குட்டியும் இருக்கு. மூங்கில் தின்னுட்டிருக்கு. டிரைவர் ஹாரன் அடிக்க மாட்டேன்னுட்டாவ. குட்டி பயந்துருமாம். அது தின்னு முடிச்சு எப்பம் போவுதோ அப்பந்தாம்."

பட்டிமன்ற நடுவர் இதை ஐனோவுக்கு மொழிபெயர்த்தார். ஐனோ ஒரு கணம் கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டார்.

"அம்மையீர், வேறு வழியே இல்லையா?"

இருந்தது. உலகம்மாளின் திரையில், ஓரத்தில், 'வந்தாச்சு' என்று ஒரு பொத்தான். பஸ்ஸில் உள்ள கருவி பழுதானால், பஸ்ஸைக் கண்ணால் பார்த்த பிறகு அவள் அமுக்க வேண்டியது. பதினெட்டு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை அமுக்கியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் முழங்கால் வலியோடு கேட் வரை நடந்து, பஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்துதான்.

தேவசகாயம் பொத்தானைப் பற்றிச் சொல்லித் தொலைத்துவிட்டார். முதல்வர் துள்ளி எழுந்தார். "அதை அமுக்குங்க! இப்பவே!"

"பஸ் வரலியே மேடம்."

"உலகம்மா, நானூறு பல்கலைக்கழகம்! டைரக்டர் ஆபீஸ்ல இருந்து எனக்கு ஒன்பது போன் வந்தாச்சு. அந்தப் பொண்ணுக்கு அடுத்த வருஷம் நானே முன்னால நின்னு சீட் வாங்கித் தர்றேன்."

"அடுத்த வருசம்னு சொல்லுதது லேசு மேடம்."

அப்போது ஐனோ மெதுவாகச் சொன்னார். "அம்மையீர், தங்களை நான் வற்புறுத்தவில்லை. ஆயினும் ஒன்று கூற விரும்புகிறேன். இங்கு இடம் கிடைத்ததா என அறியாது காத்திருக்கும் ஏழாயிரம் பேரில் என் மகளும் ஒருத்தி. காலையிலிருந்து அவள் உணவு உண்ணவில்லை."

உலகம்மாள் முறுக்குப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். அது யார் பெற்ற பிள்ளையானாலும் பசி பசிதானே. அவள் விரலைப் பொத்தான் பக்கம் கொண்டுபோனாள். ஒரு அமுக்கு அமுக்கினால் பின்லாந்துப் பிள்ளை சாப்பிடும், ஜப்பான் வாத்தியார் வீட்டுக்குப் போவார், முதல்வரின் போன் ஓயும். ஆறாவது வளைவில் ஒருத்தி பிளாஸ்டிக் பையில் சர்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாடத்தி யாருன்னு கேட்டியல்லா?" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். "சொல்லுதேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

பத்தொன்பது வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொல்லாத கதை. தேவசகாயத்துக்குக்கூட 'ஒரு பிள்ளை' என்ற அளவில்தான் தெரியும்.

"நான் இந்த ஆபீஸுக்கு வந்த மொத வருசம். பரீட்சை எழுதி பாஸ் பண்ணி, முப்பத்திமூணு வயசுல கவர்மென்டு வேல. சட்டம்னா சட்டம்னு நிப்பேன். கடைசி தேதி அன்னைக்கு அஞ்சடிச்சதும் சன்னல அடச்சேன். அஞ்சே முக்காலுக்கு ஒரு பிள்ள ஓடி வந்து கண்ணாடிய தட்டுனா. மேலணையில இருந்து. 'யக்கா, பஸ் இப்பத்தாம் வந்துச்சு'ன்னா. நான் கடிகாரத்த காட்டுனேன். பாரத்த கண்ணாடியில ஒட்டிப் புடிச்சா. பேரு மாடத்தி, பி.எஸ்ஸி தாவரவியல். நான் எந்திச்சு லைட்ட அணச்சேன். பத்து நிமிசம் நின்னா. பொறவு போயிட்டா."

உலகம்மாள் சன்னல் பக்கம் திரும்பினாள்.

"எந்திச்சு சன்னல தொறக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? அன்னைக்கு ராவு சோறு எறங்கல. மறுநா பெரிய சார்ட்ட கேட்டேன், தேதி முடிஞ்சுட்டுன்னுட்டாவ. அடுத்த வருசம் அவ வரவே இல்ல. அதுக்குப் பொறவு நான் பஸ் வராம அடைச்சதே கெடையாது. நான் ரிட்டையர்டு ஆனாலும், எனக்குப் பொறவு என்ன மாதிரி ஒருத்தி வந்து ஒக்காந்தாலும், அடைக்க முடியாதபடி எழுதுங்கன்னு சார்ட்ட சொன்னேன். அவ பேரையே வைக்கச் சொன்னேன். இதாம்மா மாடத்தி. கணக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் செஞ்ச தப்பு."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடினாள். முதல்வர் அதை அவள் தலையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார்.

"அந்தப் பிள்ள இப்ப எங்கக்கா?" என்று தேவசகாயம் கேட்டார்.

"எங்கயா? ஆறாவது வளைவுல ஆனைக்கு வழி விட்டுட்டு நிக்கா. நாலு வருசமா அந்த பஸ்ஸ ஓட்டுதவளே அவதான்."

நாலு வருஷத்துக்கு முன்னால் மேலணை பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தபோது, சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துத்தான் உலகம்மாள் கண்டுகொண்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், கல்லூரி கேட் முன்னால் பஸ் வந்து இரண்டு ஹாரன் அடிக்கும். உலகம்மாள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். 'என்னக்கா, வீட்டுக்கா?' என்பாள் மாடத்தி. 'ஆமா தாயி' என்பாள் இவள். அவ்வளவுதான் நாலு வருஷப் பேச்சு.

ஐனோ திரையில் வேறு யாரிடமோ பேசினார். கருவி அதை மொழிபெயர்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார்.

"அம்மையீர், தாங்கள் கூறியதை அனைத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பினேன். ஜப்பானிலிருந்து முதல் மறுமொழி வந்துள்ளது. 'பன்னிரண்டு ஆண்டுகள் நாங்கள் பெற்ற மாடத்தியை இன்று ஒரு நாள் திருப்பித் தருகிறோம்' என்கிறார்கள். பிறரும் காத்திருக்க இசைந்தனர். பொத்தானைத் தொட வேண்டாம்."

"ஒங்க பொண்ணு?"

"உண்கிறாள். யானையைப் பற்றிக் கூறினேன். சிரித்துவிட்டாள்."

முதல்வர் வசுமதி தொலைபேசியை அணைத்துக் கைப்பையில் போட்டார். "அந்த முறுக்கு இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

ஏழு ஐம்பதுக்கு மலைப்பக்கம் விளக்கு தெரிந்தது. கேட் முன்னால் பஸ் வந்து நின்று இரண்டு ஹாரன் அடித்தது. முதல் ஆளாக வள்ளிக்கொடி குதித்தாள். 'அடச்சாச்சாக்கா?' என்ற அவள் குரலில் பாதி உயிர்தான் இருந்தது. தேவசகாயம் அவளைக் கையோடு உள்ளே கூட்டிப் போனார்.

உலகம்மாள் டிரைவர் பக்கம் போய் நின்றாள். மாடத்தி காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முப்பத்தேழு வயது, களைப்பிலும் சிரித்த முகம்.

"என்னக்கா, இன்னும் வீட்டுக்குப் போவலியா? ஆன நல்லா மாட்டிவிட்டுட்டு."

"மாடத்தி, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும் தாயி. நீ பதினெட்டு வயசுல பாரத்த கொண்டுக்கிட்டு..."

"சன்னல அடச்சிய."

உலகம்மாள் டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதாம்னு மொத நாளே தெரியும்க்கா. மூஞ்சி மறக்குமா? பின்ன தெனமும் இங்க ரெண்டு ஹாரன் எதுக்கு அடிக்கேன்னு நெனச்சிய? இங்க ஸ்டாப்பிங்கே கெடையாது. 'பஸ் வந்துட்டு, அடச்சிராதீங்க'ன்னுதாம் அடிக்கேன். எனக்கு ஆனது எம் பஸ்ஸுல வார ஒருத்திக்கும் ஆவக் கூடாதுல்லா."

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்காக, ஒருத்திக்கொருத்தி சொல்லாமல், இத்தனை வருஷம் காவல் இருந்திருக்கிறார்கள். உலகம்மாள் ஸ்டியரிங் மேலிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிரு" என்றாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். வரி, பேர், ஜப்பான், பின்லாந்து, காத்துக்கிடக்கிற நானூற்றுப் பதினேழு.

மாடத்தி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"எம் பேரச் சொல்லி ஒலகம் பூரா கதவு தொறந்து கெடக்கு. எனக்கு மட்டும் அடச்சிட்டியளேக்கா!"

உலகம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

மாடத்தி திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள். "இப்பமும் தொறந்துதாம் கெடக்கா?"

"நீ ஸ்டாண்டுக்குள்ள நுழையுதது வரைக்கும் தொறந்துதாம் கெடக்கும்."

ஸ்டாண்டு அங்கிருந்து அறுநூறு மீட்டர். மாடத்தி சாலையைப் பார்த்தாள், கல்லூரியைப் பார்த்தாள். என்ஜினை அணைத்துச் சாவியை உருவினாள். பயணிகள் பக்கம் திரும்பி, "ஒரு பத்து நிமிசம் பொறுத்துக்கிடுங்க, ஒரு சோலி கெடக்கு" என்றாள்.

"ஆனைக்கு ரெண்டு மணி நேரம் பொறுத்தோம், ஒனக்குப் பத்து நிமிசம் பொறுக்க மாட்டமா? போயிட்டு வா தாயி" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

வள்ளிக்கொடியின் விண்ணப்பம் ஏறியதும் மாடத்தியின் முறை. பி.எஸ்ஸி தாவரவியல், வார இறுதி வகுப்பு. விரலை வைத்ததும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வந்து உட்கார்ந்தது. கேமரா முன்னால் நிற்கும்போது மாடத்தி காக்கிச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டாள். கருவி முகத்தைச் சரிபார்த்தது. உலகம்மாள் எழுத்துக் கூட்டிப் பெயரைப் பதிந்தாள். சன்னல் கண்ணாடி வழியாக ஒரு நிமிஷம் பார்த்த அதே பெயர், அதே பாடம். 'ஏற்கப்பட்டது' என்று திரையில் வந்தபோது முதல்வர்தான் முதலில் கை தட்டினார். பின்லாந்திலும் யாரோ தட்டினார்கள்.

மாடத்தி ஓடிப்போய் பஸ்ஸை எடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் உலகம்மாளின் திரையில் 'இல்லை' என்ற அந்த ஒரு சொல் 'வந்தாச்சு' என்று மாறியது. மருதம்பேரியில் கதவு மூடியது. அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக நானூற்றுப் பதினேழும் மூடின.

அந்த வரியை என்ன செய்வது என்று 'கதவு' குழு மூன்று வாரம் கூடிப் பேசியது. பிழை என்றால் பிழைதான், எடுத்துவிட வேண்டும் என்றவர்கள் இருந்தார்கள். முடிவைத் தேவசகாயம் வந்து சொன்னார். "எடுக்கலக்கா. ஏதோ கொஞ்சம் சேத்துருக்காவளாம்." என்ன சேர்த்தார்கள் என்று படித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அது ஜூலை மாதம், அவருடைய கோப்பு ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை முதல்வரே அதைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தார்.

ஆகஸ்டு மாதம், இரண்டாம் கட்டச் சேர்க்கைக்குக் கடைசி நாள். ஐந்து முப்பத்தைந்துக்கு வழக்கம்போல இரண்டு ஹாரன் கேட்டது. ஐந்து நாற்பதுக்கு பஸ் ஸ்டாண்டுக்குள் போனது. உலகம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். கதவு மூடவில்லை.

ஆறு மணிக்கும் மூடவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு, தாவரவியல் நோட்டோடு ஏதோ சந்தேகம் கேட்க வந்த மாடத்தி சன்னலில் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, நான்தாம் வந்துட்டேனே. இன்னும் யாரு வரணும்?"

தேவசகாயம் குனிந்து படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து சிரித்தார். "நம்ம ஐனோ அம்மா அவ்வொ ஊரையும் சேத்துவிட்டிருக்காவ. பின்லாந்துல ஏதோ ஒரு தீவுல இருந்து படகு வரணுமாம். மூடுபனி, நடுக்கடல்ல நிக்கி. அது வந்தாத்தாம் இங்க மூடும். அதுல ஒரு பிள்ள வருதாம், பாரம் குடுக்க."

உலகம்மாள் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துச் சன்னல் வழியாக மாடத்தியிடம் நீட்டினாள். "நல்லது. வரட்டும். நமக்கென்ன அவசரம்?"

மூன்று பேரும் தின்றுகொண்டே காத்திருந்தார்கள். "அங்கயும் ஹாரன் அடிப்பாவளாக்கா?" என்று மாடத்தி கேட்டாள்.

ஆறு இருபதுக்கு, மேஜைமேல் இருந்த கணினியில் ஐனோவின் அழைப்பு வந்தது. எங்கோ பனிக்குள்ளிருந்து ஒரு படகின் சங்கு, கனத்த குரலில், இரண்டு தடவை.